பிள்ளைக்குத் தந்தை அரசாங்கமா?

அரசாங்கம் மருந்து கொடுக்கின்றது. ஆகவே அரசாங்கமே பிள்ளையின் உயிரைப் பற்றிய கடைசி முடிவையும் செய்யலாம் என்று எவரேனும் கூறின், அதனை நாம் ஒப்புக்கொள்வோமா? ஒருகாலும் ஒப்புக்கொள்ளோம். ஆயின், இலவச வைத்தியத்துக்கு உலகிற்கே வழிகாட்டிய நாடென்று போற்றப்படும் பிரித்தானியாவில், கடந்த பத்தாண்டுக்கு மேலாக எழுந்துவரும் வழக்குகள் அம்முடிவை நோக்கியே சென்றுகொண்டிருக்கின்றன. வாய்திறந்து அவ்வாறு சொல்வார் அங்கு ஒருவருமில்லை. தீர்ப்புக்களின் விளைவு அதுவாகவே இருக்கின்றது.

இவ்விடயத்தைத் தமிழ் வாசகர் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. இலண்டன் மாநகரிலும் பிரித்தானியாவின் பிற நகரங்களிலும் எம்மவர் குடும்பங்கள் பல்லாயிரம் வாழ்கின்றன. அந்நாட்டு வைத்தியசாலைகளில் எம்மவர் வைத்தியராயும் தாதியராயும் பணிபுரிகின்றனர். எம்மவர் பிள்ளைகள் நோயாளராயும் கிடக்கின்றனர். மேலும், ஆங்கிலத் தீர்ப்புக்கள் எமது நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. பராயமடையாதோருக்கெல்லாம் நீதிமன்றமே மேற்காவலன் என்னும் கோட்பாடு எமது உரோமன்-டச்சுச் சட்டத்திலும் உண்டு. இன்று அங்கே முளைத்திருப்பது நாளை இங்கே வேர்விடாது என்று எவர் உறுதி கூறவல்லார்?

இலவச வைத்தியத்தை நாம் எதிர்க்கின்றோம் என்று எவரும் மயங்கவேண்டாம். 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் பிரபுவின் பிள்ளையும் ஒரே வைத்தியசாலையில் ஒரே சிகிச்சையைப் பணமின்றிப் பெறலாம் என்ற அந்த ஏற்பாடு சென்ற நூற்றாண்டின் சீரிய செயல்களுள் ஒன்று. எமது நாட்டிலும் கமக்காரனின் பிள்ளை அரசாங்க வைத்தியசாலையில் காசு கொடாது சிகிச்சை பெறுகின்றது. இது மக்களின் உரிமை. இவ்வுரிமையில் ஓர் அணுவேனும் குறைதல் கூடாது. சிகிச்சை கொடுக்கும் கைக்கு நாம் நன்றி பாராட்டுகின்றோம். அதே கை கதவைப் பூட்டும்போதுதான் தட்டிக்கேட்கின்றோம்.

சார்லி கார்ட் வழக்கு

2016 ஒகஸ்ட் 4 ஆம் திகதி இலண்டனில் சார்லி கார்ட் என்னும் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதங்களின் பின், அந்த ஒக்டோபரில், கிறேற் ஓமண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையில் அக்குழந்தை சேர்க்கப்பட்டது. உயிரணுக்களுக்குச் சத்தியை உண்டாக்கிக் கொடுக்கும் மைற்றோகொண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்கள் பரம்பரைக் குறைபாட்டினால் அழிந்துபோகும் நோய் அது. உலகில் மிகச் சில பிள்ளைகளிடமே அந்த வகை காணப்பட்டது. குழந்தை செவிப்புலனை இழந்தது. கைகால் அசைக்க இயலாததாயிற்று. தானே மூச்சுவிடவும் இயலாது சுவாசக் கருவியின் துணையில் உயிர் தாங்கியது.

பெற்றோர் தேடினர். அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், இந்நோய்க்கு இனமான வேறொரு நோயுடைய பிள்ளைகளுக்கு நியூக்கிளியோசைட் என்னும் மருந்தைக் கொடுத்து வருகின்றார் என்று அறிந்தனர். பொதுமக்களிடம் கையேந்தினர். 13 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. வைத்தியசாலையோ, குழந்தையின் மூளை மீளாச் சேதமடைந்துவிட்டது, இனி எச்சிகிச்சையும் பயன்தராது, கருவியை அகற்றி அமைதியாக இறக்கவிடுதலே தகும் என்று முடிவுசெய்து, 2017 பெப்ரவரியில் மேல் நீதிமன்றத்தை நாடியது.

ஏப்ரில் 11 ஆம் திகதி நீதியரசர் பிரான்சிஸ் வைத்தியசாலையின் பக்கம் தீர்ப்பளித்தார். மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. யூன் 8 ஆம் திகதி உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அம்மாத இறுதியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏற்க மறுத்தது. யூலையில் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டு, அமெரிக்கப் பேராசிரியர் இலண்டனுக்கு வந்து குழந்தையைப் பார்வையிட்டார். புதிய பரிசோதனைப் படங்கள் தசைகள் பெரிதும் அழிந்துவிட்டதைக் காட்டின. காலம் கடந்துவிட்டதென்று கூறி, யூலை 24 ஆம் திகதி பெற்றோர் தம் கோரிக்கையைக் கைவிட்டனர். யூலை 28 ஆம் திகதி, முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்க, இறுதிக்காலப் பராமரிப்பு இல்லமொன்றில் குழந்தை இறந்தது. தம் வீட்டில், தம் தொட்டிலில் அவன் கண்மூட வேண்டுமென்று பெற்றோர் விரும்பியதும் கைகூடவில்லை.

அம்மருந்து அக்குழந்தையைக் காப்பாற்றியிருக்குமா என்பது எமது வழக்கன்று. காப்பாற்றியிராது என்றே வைத்தியசாலையின் வைத்தியர்கள் கூறினர். அந்நோயின் அந்த வகைக்கு அம்மருந்து ஓர் எலியிடத்திலேனும் சோதிக்கப்பட்டதில்லை என்பதும் உண்மையே. நாம் கேட்பது வேறு. பெற்றோர் அரசாங்கத்திடம் அமெரிக்கச் செலவுக்குப் பணம் கேட்டார்களா? இல்லை, பணம் அவர்கள் கையில் இருந்தது. நம்பிக்கையற்ற வைத்தியரை நோக்கி, நீரே அம்மருந்தைக் கொடும் என்று வற்புறுத்தினார்களா? அதுவுமில்லை, கொடுக்க ஆயத்தமான வைத்தியர் வேறொருவர் இருந்தார். அவர்கள் கேட்டது வழிவிடுமாறு மாத்திரமே. வழிவிட மறுக்கும் அதிகாரம் எங்கிருந்து பிறந்தது?

அளவுகோல் எது?

அவ்வதிகாரம் 1989 ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்திலிருந்தும், பழைய முடியாட்சிக் காலந்தொட்டு வந்த மேற்காவல் அதிகாரத்திலிருந்தும் பிறந்ததென்பர். அச்சட்டத்தின் முதலாம் பிரிவு, பிள்ளையின் வளர்ப்பைப் பற்றி நீதிமன்றம் தீர்மானிக்கும் எவ்விடயத்திலும் பிள்ளையின் நலனே தலையாயது என்கின்றது. மூன்றாம் பிரிவு, பிள்ளை தொடர்பாகப் பெற்றோருக்குள்ள உரிமை, கடமை, அதிகாரம், பொறுப்பு அனைத்தையும் பெற்றோர் பொறுப்பு என்னும் ஒரு சொல்லில் அடக்குகின்றது. முப்பத்தோராம் பிரிவோ, ஒரு பிள்ளையை அரசாங்க அதிகாரசபை பெற்றோரிடமிருந்து பொறுப்பேற்க வேண்டுமாயின், அப்பிள்ளை பாரதூரமான தீங்கை அடைகின்றது அல்லது அடையக்கூடும் என்பது முதற்கண் நிறுவப்படவேண்டும் என்று விதிக்கின்றது.

இப்பிரிவுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். தந்தை குடிகாரன், தாய் பிள்ளையைப் பட்டினிபோடுகின்றாள். அப்பிள்ளையை எடுப்பதற்கு அரசாங்கம் பாரதூரமான தீங்கை நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கத் தவறினால் வழக்குத் தள்ளுபடியாகும். மறுபுறத்தில், இரவுபகல் கண்ணுறங்காது தொட்டிலருகே நிற்கும் தாயும் தந்தையும் வைத்தியருடன் கருத்து வேறுபடுகின்றனர். இவர்களுடைய முடிவைத் தள்ளிவிடுவதற்குத் தீங்கு நிரூபிக்கப்பட வேண்டியதில்லையாம். பிள்ளையின் மிகச்சிறந்த நலன் எது என்று நீதிபதி எண்ணுகின்றாரோ அதுவே போதுமாம்! கெட்ட பெற்றோருக்குச் சட்டம் கொடுக்கும் கவசத்தை நல்ல பெற்றோருக்குக் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்?

இவ்வாதத்தைச் சார்லியின் பெற்றோருக்காகத் தோன்றிய சட்டத்தரணிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். வேறு வைத்தியர் ஒருவர் சிகிச்சையளிக்க முன்வந்துள்ள இடத்தில், பாரதூரமான தீங்கு நிரூபிக்கப்பட்டாலன்றிப் பெற்றோரின் முடிவில் நீதிமன்றம் தலையிடலாகாது என்று வாதித்தனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அவ்வழக்கின் சான்றுகளின்படி அத்தகைய தீங்கும் காணப்படுகின்றது என்று மேலதிகமாகக் கூறியது. நன்று. தீங்கு அவ்வளவு தெளிவாகக் காணப்பட்டதாயின், அதனையே அளவுகோலாக வைத்துக்கொள்வதற்கு என்ன தயக்கம்? தீங்கு என்பது சான்றினால் அளக்கப்படுவது. நலன் என்பதோ அளப்பவரின் மனத்தைப் பொறுத்தது. வாழ்வின் பொருள் என்ன, துன்பத்தோடு கூடிய உயிர் மேலானதா, உயிர்நீத்த அமைதி மேலானதா என்னும் வினாக்களுக்கு எந்த நீதிபதியின் சட்டப் புத்தகத்தில் விடை எழுதப்பட்டிருக்கின்றது?

ஒரே சட்டம், வெவ்வேறு முடிவு

அளவுகோல் நெகிழ்ந்தால் அளவும் நெகிழும். அதன் விளைவை ஐந்து வழக்குகளில் காட்டுவோம்.

முதலாவது, கிளாஸ் எதிர் ஐக்கிய இராச்சியம் என்னும் வழக்கு. 1998 இல் போட்ஸ்மத் நகர வைத்தியசாலையொன்றில், கடுமையான ஊனமுற்ற ஒரு சிறுவன் இறக்கும் தறுவாயில் இருக்கின்றான் என்று வைத்தியர் முடிவுசெய்தனர். தாயின் எதிர்ப்பையும் மீறி நோவு தணிக்கும் கடும் மருந்தை ஏற்றினர். மூச்சு நின்றால் மீட்க முயலவேண்டாம் என்ற குறிப்பைத் தாயறியாமலே ஏட்டில் எழுதினர். சிறுவன் இறக்கவில்லை, பிழைத்து வீடு திரும்பினான். 2004 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறாது தாயின் மறுப்பை மீறியது அவனுடைய உரிமையை மீறியதாகும் என்று தீர்ப்பளித்து, 10,000 யூரோ நட்டஈடும் விதித்தது. அறிவிற் சிறந்த வைத்தியரும் மரணத்தின் நாளைக் கணிப்பதில் தவறலாம் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாவது, அஷ்யா கிங் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். மூளையிற் கட்டி. 2014 ஒகஸ்டில் பெற்றோர் அவனைச் சௌதாம்ரன் வைத்தியசாலையிலிருந்து அனுமதியின்றி எடுத்துச் சென்றனர். புரோத்தன் கதிர்ச் சிகிச்சையை வெளிநாட்டிற் பெறுவதே அவர்தம் நோக்கம். உடனே ஐரோப்பியப் பிடியாணை பிறந்தது. ஸ்பெயின் நாட்டிற் பெற்றோர் சிறையிலடைக்கப்பட்டனர். நோயுற்ற பிள்ளையோ வேறு நகரத்து வைத்தியசாலையில் தாயும் தந்தையுமின்றிக் கிடந்தான். உலகமே வெகுண்டெழுந்த பின்னரே விடுதலை வந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி மேல் நீதிமன்றம் அவனைப் பிராக் நகருக்குக் கொண்டுசெல்ல இடமளித்தது. அத்தீர்ப்பில் நீதியரசர் பேக்கர், பிள்ளையைப் பற்றி முடிவுசெய்யும் பொறுப்பு முதற்கண் பெற்றோருடையது என்றும், பாரதூரமான தீங்கு இருந்தாலன்றி அரசு அதில் தலையிடுவதற்கில்லை என்றும் கோட்பாட்டை எடுத்துக்கூறினார். 2017 இல் சார்லியின் சட்டத்தரணிகள் ஊன்றிநின்றது இக்கோட்பாட்டின்மீதே. மூன்றாண்டுக்குள் அக்கோட்பாடு எங்கே போயிற்று?

மூன்றாவது, லிவர்பூல் நகரத்து அல்பி எவன்ஸ். மூளையை அரித்தழித்த நோய் இன்னதென்று வைத்தியர்களால் உறுதியாகக் கூற முடியவில்லை. சுவாசக் கருவியை அகற்றலாம் என்று 2018 பெப்ரவரியில் நீதியரசர் ஹேடன் தீர்ப்பளித்தார். உரோமாபுரியின் பம்பினோ ஜேசு சிறுவர் வைத்தியசாலை அவனை ஏற்க முன்வந்தது. ஏப்ரில் 23 ஆம் திகதி இத்தாலி அரசு அவனுக்குக் குடியுரிமையும் வழங்கிற்று. அன்றே கருவி அகற்றப்பட்டது. குழந்தை உடனே இறந்துவிடவில்லை. தானே மூச்சுவிட்டு, ஏப்ரில் 28 வரை உயிரோடிருந்தது. அவ்விடைப்பட்ட நாள்களிலும் உரோமாபுரிக்குச் செல்ல நீதிமன்றம் இடங்கொடுக்கவில்லை.

நான்காவது, தபிதா ரகீப் என்னும் ஐந்து வயதுச் சிறுமி. 2019 பெப்ரவரியில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து நினைவிழந்தாள். இலண்டன் வைத்தியசாலை சுவாசக் கருவியை அகற்ற அனுமதி கேட்டது. பெற்றோர் இத்தாலியின் ஜெனோவா நகரத்து கஸ்லினி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல விரும்பினர். ஒக்டோபர் 3 ஆம் திகதி நீதியரசர் மக்டொனால்ட், பிள்ளை நோவுபடவில்லை, ஏற்கும் வைத்தியசாலை உண்டு, குடும்பத்தின் சமயநம்பிக்கையும் உயிரைப் பேணுவதையே வேண்டுகின்றது என்பவற்றை எண்ணி, பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். சிறுமி ஜெனோவாவுக்குச் சென்றாள். சில மாதங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் வெளியேறினாள். குணமடைந்தாள் என்று நாம் கூறவில்லை. ஆயின், உயிர்நீத்தலே உனக்கு நலம் என்று கூறப்பட்ட ஒரு பிள்ளை தாயின் கைப்பிடிக்குள் வாழ இடம் கிடைத்தது.

ஐந்தாவது, நொட்டிங்காம் நகரத்து இன்டி கிரகரி, எட்டுமாதக் குழந்தை. 2023 நவம்பரில் இவளையும் உரோமாபுரி வைத்தியசாலை ஏற்க முன்வந்தது. இவளுக்கும் இத்தாலி குடியுரிமை வழங்கிற்று. நீதிமன்றங்கள் அனுமதி மறுத்தன. வீட்டில் வைத்துக் கருவியை அகற்றுமாறு பெற்றோர் வேண்டியதும் மறுக்கப்பட்டது. நவம்பர் 13 ஆம் திகதி பராமரிப்பு இல்லத்தில் அவள் இறந்தாள்.

இப்பிள்ளைகளின் நோய்கள் வேறு வேறு; சான்றுகளும் வேறு வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஒரு தமிழ்த் தகப்பன் இலண்டனில் நின்று, எந்நிலையில் என் பிள்ளையை நான் கொண்டுபோகலாம், எந்நிலையில் கூடாது என்று எம்மைக் கேட்பானாயின், அது நீதிபதியைப் பொறுத்தது என்பதைத் தவிர வேறென்ன விடை கூறுவோம்? மக்கள் முன்கூட்டியே அறிந்து நடக்க முடியாத விதியைச் சட்டம் என்று எவ்வாறு அழைப்பது?

எதிர்த்தரப்பார் கூறுவன

எதிர்த்தரப்பாரின் வாதங்களை நாம் ஒளிக்கப்போவதில்லை. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பது எமது பழமொழி. அவர்களும் அதனையே சொல்கின்றனர். பிள்ளை பெற்றோரின் உடைமையன்று; பிள்ளைக்குத் தனியுரிமை உண்டு; அதனைக் கேட்க ஒரு நீதிமன்றமும் வேண்டும் என்கின்றனர். முழுக்க ஒப்புகின்றோம். சமயக் கொள்கையின் பேரால் இரத்தம் ஏற்ற மறுக்கும் பெற்றோரின் கையிலிருந்து நீதிமன்றம் பிள்ளையை மீட்கின்றது. அதனைக் கைதட்டி வரவேற்கின்றோம். ஏன்? அங்கே தீங்கு கண்கூடு. பிழைக்கக்கூடிய உயிர் பெற்றோரின் பிடிவாதத்தாற் போகின்றது. பிள்ளை பெற்றோரின் உடைமையன்று என்பது உண்மையாயின், அது வைத்தியசாலையின் உடைமையுமன்று, நீதிமன்றத்தின் உடைமையுமன்று என்பதும் உண்மையன்றோ? பேசமாட்டாத பிள்ளைக்காக எவரேனும் ஒருவர் பேசியே தீரவேண்டும். அவ்விடம் முதற்கண் யாருக்குரியது என்பதே வழக்கு.

பிள்ளை நோவுபடுகின்றதே, வீணாக நீட்டுவது கொடுமையன்றோ என்பது அடுத்த வாதம். இவ்வாதம் கனமானது, இதனை இலேசாகத் தள்ளுதல் அறமன்று. தீராத நோவில் ஒரு குழந்தையை வைத்திருப்பது பாரதூரமான தீங்கே. அது நிரூபிக்கப்படுமிடத்து நீதிமன்றம் தலையிடட்டும். நாம் குறுக்கே நில்லோம். ஆயின் நோவை உணரும் ஆற்றலே மூளையில் எஞ்சியிருக்கவில்லை என்று ஒரே வாயினாற் கூறிவிட்டு, நோவைத் தவிர்ப்பதற்காகவே தடுக்கின்றோம் என்று அதே வாயினாற் கூறுதல் பொருந்துமா?

பெற்றமனம் பித்து, பித்துக்கொண்ட மனம் முடிவுசெய்யத் தகுதியற்றது என்பது மூன்றாவது வாதம். ஆம், பெற்றமனம் பித்துத்தான். ஆயின் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வைத்தியர் நல்லவரே, நீதிபதியும் நல்லவரே. மாலையில் அவர்கள் தத்தம் வீட்டுக்குச் செல்வர். அம்முடிவைத் தம் ஆயுள் முழுவதும் சுமக்கப்போகின்றவர் பெற்றோர். சுமப்பவருக்கே முதற்சொல் என்பது அறத்தின்பாற்பட்டது. மேலும், இதே ஆங்கிலச் சட்டம், குழந்தையொன்றுக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று தாய் மறுத்தபோது, வைத்தியரின் கருத்துக்கு மாறாகத் தாயின் முடிவுக்கே மதிப்புக் கொடுத்தது. உயிர்காக்கும் சிகிச்சையை மறுத்த தாய்க்குக் கிடைத்த மதிப்பு, உயிர்காக்கச் சிகிச்சை தேடிய தாய்க்குக் கிடைக்கலாகாதா?

இன்னுமொன்று. 2017 இல் சார்லியின் வைத்தியசாலை ஊழியருக்குக் கொலை மிரட்டல்கள் விடுக்கப்பட்டன. வைத்தியரையும் தாதியரையும் மிரட்டும் கயவர் எமது தரப்பினரல்லர். குழந்தைகளைக் காப்பதற்குத் தம் வாழ்நாளையே கொடுத்தவர்கள் அவ்வூழியர்கள். நாம் குறைகூறுவது ஓர் அளவுகோலை, ஆட்களையன்று. பொய்யான நம்பிக்கையைக் காசுக்கு விற்கும் மருந்து வியாபாரிகளுக்கும் நாம் துணைபோகோம். ஆகையாற்றான், ஏற்கும் வைத்தியசாலை தன் நாட்டில் முறையாக அங்கீகரிக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும் என்கின்றோம். உரோமாபுரியும் ஜெனோவாவும் மந்திரவாதிகளின் ஊர்களல்ல.

குளத்துநீரும் விளைந்த நெல்லும்

எமது கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். குளம் அரசாங்கத்தினுடையது, வாய்க்கால் அரசாங்கத்தினுடையது, மதகைத் திறக்கும் உத்தியோகத்தரும் அரசாங்க ஊழியரே. காலபோகத்தில் அவர் நீர் விடுகின்றார், வயல் விளைகின்றது. நீர் கொடுத்தவன் நானாகையால் இவ்வயலில் எதனை எப்போது அறுப்பதென்று நானே தீர்மானிப்பேன் என்று அவ்வுத்தியோகத்தர் வரம்பில் வந்து நின்றால் ஒப்புவீர்களா? ஒருவன் அடுத்தவன் வயலை நாசமாக்குவானாயின் தடுக்கலாம். கட்டளைச் சட்டம் அதற்குண்டு. தண்ணீர் போதாதென்றால் இனி விட இயலாதென்று கூறலாம், அதற்கும் நியாயமுண்டு. அயலூர்க் கிணற்றிலிருந்து அவன் இறைத்துக்கொள்ள முனையும்போது, அதுவும் கூடாது, பயிர் வாடுவதே பயிருக்கு நலம் என்று துலாவைப் பிடித்துக்கொள்வதற்கு எச்சட்டத்தில் இடமுண்டு?

பிள்ளை பயிரன்று என்பதை அறிவோம். பயிருக்கே இவ்வளவு நியாயம் கேட்கும் மனிதன், பிள்ளைக்கு எவ்வளவு கேட்பான்!

இங்கே வேற்றுமையொன்றைத் தெளிவாகப் பிரித்தறிதல் வேண்டும். பயனற்றதென்று தாம் நம்பும் சிகிச்சையைச் செய்யுமாறு வைத்தியரை எவரும் கட்டாயப்படுத்தலாகாது. பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவதென்று தீர்மானிக்கும் உரிமை பொதுச் சேவைக்கு உண்டு. ஒரு பிள்ளை கிடக்கும் கட்டிலுக்கு வேறொரு பிள்ளை காத்திருக்கலாம் என்பதையும் மறவோம். நாம் கேட்பது வெளியேறும் உரிமை. நீங்கள் செய்ய வேண்டாம், செய்வாரிடம் போகவிடுங்கள். கட்டிலும் உங்களுக்கு மிஞ்சும். பணமும் உங்களுக்கு மிஞ்சும். இதனையும் தடுக்கும்போது அங்கே நிற்பது வைத்தியமுமன்று, சிக்கனமுமன்று, அதிகாரம் ஒன்றே.

வாய்ப்பூட்டு

அதிகாரம் கேள்விக்கஞ்சுவது இயல்பு. இவ்வழக்குகளில் வைத்தியர், தாதியர் பெயர்களை வெளியிடலாகாது என்ற தடைக்கட்டளைகள் பிறப்பிக்கப்பட்டன. வழக்கு நடக்கும் காலத்தில், மிரட்டலிலிருந்து அவர்களைக் காப்பதற்கு அது வேண்டியதே. ஆயின் பிள்ளை இறந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், நடந்ததைப் பெயர் சுட்டிக் கூறப் பெற்றோருக்கு உரிமையில்லை என்ற நிலை நீடித்தது. இவ்வாறு வாயடைக்கப்பட்ட பெற்றோருள் வைத்தியத் தொழில் செய்தவர்களும் இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இரு குடும்பங்கள் இதனை எதிர்த்து வழக்காடின. 2025 ஏப்ரிலில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் வைத்தியசாலைகளின் மேன்முறையீட்டைத் தள்ளிப் பெற்றோரின் வாய்ப்பூட்டை அகற்றியது. இறந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்குப் பெற்றவர்கள் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை ஏறவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சார்லியின் பெற்றோருக்குச் சட்ட உதவியும் கிடைக்கவில்லை. வைத்தியசாலைக்குப் பொதுப்பணத்திற் சட்டத்தரணிகள். பெற்றோருக்கோ கட்டணம் வாங்காது உழைத்த சட்டத்தரணிகளின் தருமம். இந்நிலையை நீதியரசர் பிரான்சிஸ் அவர்களே தம் தீர்ப்பிற் குறிப்பிட்டு வருந்தினார். மக்கள் விடாது கேட்டதன் பயனாக, 2023 இல் இத்தகைய வழக்குகளில் பெற்றோரின் வருமானத்தைப் பாராது சட்ட உதவி வழங்க வழிசெய்யப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 2022 ஆம் ஆண்டுச் சுகாதார, பராமரிப்புச் சட்டத்தின் 177 ஆம் பிரிவு, இப்பிணக்குகளை ஆராய ஒரு மீளாய்வு நடத்துமாறு பணித்தது. அதன் அறிக்கையும் 2023 செப்டெம்பரில் வெளிவந்தது. ஆயின் அளவுகோல் மாறவில்லை. மீளாய்வு என்ற பெயரில் ஆறப்போடும் வித்தையை எம்மவர் அறியாதவர்களல்லர்.

நாம் கேட்பது

நாம் கேட்பன நான்கு. ஒன்று: அங்கீகரிக்கப்பட்ட வேறு வைத்தியசாலை பிள்ளையை ஏற்க முன்வருமிடத்து, அதனாற் பிள்ளைக்குப் பாரதூரமான தீங்கு நேரும் என்பது சான்றினால் நிரூபிக்கப்பட்டாலன்றி, பெற்றோரைத் தடுக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இருத்தலாகாது. நிரூபிக்கும் பாரம் தடுக்க விரும்புவோர் தலைமேலது.

இரண்டு: பெற்றோர் தாமே தெரிந்தெடுக்கும் வைத்தியர் பிள்ளையைப் பார்வையிடவும் ஏடுகளைப் படிக்கவும் தொடக்கத்திலேயே இடமளிக்கவேண்டும். சார்லியை அமெரிக்கப் பேராசிரியர் நேரிற் பார்த்தது யூலையில். பிணக்கு மூண்டதோ அவ்வாண்டின் தொடக்கத்தில். இடையில் வீணானது ஒரு குழந்தையின் ஆயுளிற் பாதி.

மூன்று: நீதிமன்றப் படியேறுமுன் மத்தியஸ்தம் நடைபெறவேண்டும். வைத்தியசாலைக்கும் பெற்றோருக்கும் இடையே பொதுவான ஒருவர் அமர்ந்து பேசவைப்பாராயின், பாதிப் பிணக்கு அங்கேயே தீரும். இதனையும் நீதியரசர் பிரான்சிஸ் வலியுறுத்தினார்.

நான்கு: இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையென்று பெற்றோரே ஏற்கும் வேளையில், பிள்ளை எங்கே, எவர் மடியில் கண்மூடுவதென்பதைக் குடும்பமே தீர்மானிக்கவேண்டும். வீட்டிற் சாகும் உரிமையை முதியவருக்குக் கொடுக்கும் உலகம் குழந்தைக்கு அதனை மறுப்பதேன்?

பிரித்தானியாவில் வாழும் தமிழ் மக்கள் தத்தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் இவற்றைக் கேட்கவேண்டும். அங்கு பணிபுரியும் தமிழ் வைத்தியர்கள் தம் சங்கங்களிற் பேசவேண்டும். இரு பக்கத்தையும் அறிந்தவர் அவர்களே. இங்குள்ள சட்டத்தரணிகளாகிய எமக்கும் கடமையுண்டு. ஆங்கிலத் தீர்ப்பு என்றவுடன் தலைவணங்கும் பழக்கத்தை விட்டு, மேற்காவலன் என்னும் பழைய கோட்பாட்டுக்கு எல்லை எதுவென்று இப்பொழுதே ஆராயவேண்டும். வெள்ளம் வந்தபின் அணைகட்ட முனைவது அறிவுடைமையன்று.

அரசாங்கம் வைத்தியசாலை கட்டட்டும், மருந்து கொடுக்கட்டும், பிள்ளையை அடிப்பவன் கையைப் பிடிக்கட்டும், பட்டினிபோடுபவனிடமிருந்து பிள்ளையைப் பறிக்கட்டும். இவையெல்லாம் அதன் கடமை. ஆயின், தன் பிள்ளைக்காக இன்னொரு கதவைத் தட்டச் செல்லும் தாயின் முன்னே குறுக்கே நின்று, இது எமது முடிவு, திரும்பிப் போ என்று கூறுவதற்கு அது யார்? பிள்ளைக்குத் தந்தை அரசாங்கமன்று. அவ்விடத்தை நாம் அதற்கு ஒருபோதும் எழுதிக்கொடுத்ததில்லை, இனியும் எழுதிக்கொடோம்.